நல்ல பேஷண்ட் என்று பேர் வாங்கிய கதை

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருஷம் தள்ளிப் போட்டுவிட்டேன். முதலில் வெட்கம். மார்பில் வந்த நோயைப் பற்றி நாலு பேர் படிக்கிற இடத்தில் எப்படி எழுதுவது? அப்புறம் பயம். நான் கோபத்தில் எதையாவது எழுதப்போய், அதைப் படித்த ஒருத்தி ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிட்டால் அந்தப் பாவம் என் தலையில்தானே விழும்? வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போதெல்லாம் அம்மனிடம் கேட்பேன், எழுதட்டுமா வேண்டாமா என்று. அவள் பதில் சொல்லவில்லை.

போன மாதம் எங்கள் காலனியில் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். சின்ன வயசு. எனக்கு வந்த அதே நோய். புது மருந்தைப் பரீட்சித்துப் பார்க்கிற கேன்சர் ட்ரையலில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா என்று கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். வாசலில் செருப்பு போட்டுக்கொண்டே, "ஆன்ட்டி, அங்க ஏதாச்சும் கஷ்டம்னு சொன்னா நம்ம பேர எடுத்துடுவாங்களாமே, நெஜமா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பேச்சு சாகாமல் இருக்கிறதே என்று. இனி அம்மனைக் கேட்டுக்கொண்டிருப்பது என் கோழைத்தனம் என்று தெரிந்துவிட்டது. எழுத உட்கார்ந்தேன்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு இல்லை.

1. முதல் தட்டு

என் பேர் சகுந்தலா. எங்கள் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தோடு வட ஆற்காட்டிலிருந்து செகந்திராபாத் வந்தவர். நான் பிறந்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் இங்கேயே. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, வேலையில் தக்கணி உருது. ஒரே வாயில் மூன்றும் வரும். அதனால் மற்றவர்கள் பேசியதைப் பெரும்பாலும் தமிழிலேயே எழுதுகிறேன்.

உப்பல் பக்கம் ஒரு மத்திய சர்க்கார் தொழிற்சாலை கேன்டீனில் சமையல் வேலை பார்த்தேன். இட்லி, சாம்பார், மத்தியானச் சாப்பாடு. அங்கே ஒரு வழக்கம். சாம்பார் இறக்கியதும் யாருக்கும் பரிமாற மாட்டோம். முதல் தட்டு ஷிஃப்ட் ஆபீசருக்குப் போக வேண்டும். அவர் ருசி பார்த்துத் தலையாட்டினால்தான் கவுன்டர் திறக்கும்.

ஒரு ஆபீசர் இருந்தார். தங்கமான மனுஷர். யார் மனசும் நோகக்கூடாது அவருக்கு. நாக்கில் வைப்பதற்கு முன்னாலேயே "பிரமாதம்மா" என்று சொல்லிவிடுவார். ஒருநாள் இரண்டு பேர் தனித்தனியாக உப்புப் போட்டுவிட்டோம். அன்றைக்கும் பிரமாதம்தான். அப்புறம் தொழிற்சாலை முழுக்கத் தட்டைத் தட்டிய சத்தம் கேட்டு நர்சிங் என்கிற சூப்பர்வைசர் ஓடி வந்தான். "அம்மா, இது சாம்பாரா, சமுத்திரமா?" என்றான். நாங்கள் திட்டு வாங்கினோம். ஆபீசர் வருத்தமாகச் சிரித்தபடி போய்விட்டார்.

இந்தத் தட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

2. கையெழுத்து

கட்டி வந்தது, ஆபரேஷன் நடந்தது, கீமோ ஏற்றினார்கள், முடி கொட்டி முளைத்தது. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். எல்லாம் முடிந்தபிறகு டாக்டரம்மா ஒருநாள் என்னையும் என் வீட்டுக்காரரையும் உட்கார வைத்துப் பேசினார். தமிழ்நாட்டில் கொஞ்ச காலம் படித்தவர், உடைந்த தமிழ் வரும். நோய் திரும்பி வராமல் இருக்க ஒரு மாத்திரையை ஸ்டடி செய்கிறோம் என்றார். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு மாத்திரை கிடைக்கும், பாதிப் பேருக்கு வழக்கமான செக்கப் மட்டும். யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்யக் கூடாதாம், கம்ப்யூட்டர்தான் சீட்டுக் குலுக்குமாம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் எதையும் மறைக்கவில்லை. தமிழில் அச்சடித்த காகிதம் கொடுத்தார். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கச் சொன்னார். வாந்தி வரலாம், பேதி வரலாம், கை கால் தோல் உரியலாம், எது வந்தாலும் சொல்லுங்கள் என்றார். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், உங்கள் வைத்தியம் நிற்காது என்றார். எல்லாம் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு மாத்திரை விழுந்தது.

செய்தி வந்த அன்று நேரே கோயிலுக்குப் போனேன். சீட்டுக் குலுக்கியது கம்ப்யூட்டர் என்று நான் நினைக்கவே இல்லை. அம்மன் கை போட்டு எடுத்தது என்று நினைத்தேன். முதல் மாத்திரையைப் பூஜை அறையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் முழுங்கினேன். அக்கம்பக்கம் என்னென்னவோ சொன்னார்கள். "ஒன்ன எலி மாதிரி வெச்சு டெஸ்ட் பண்றாங்க, இன்னாத்துக்கு ஒத்துக்கின?" என்று என் நாத்தனார் வீட்டுக்கே வந்து கேட்டாள். "எலி கையெழுத்துப் போடுமாடி?" என்று திருப்பிக் கேட்டேன். அவ்வளவு தைரியமாகத்தான் ஆரம்பித்தேன்.

ஆனால் அங்கேதான் என் புத்தி வழுக்கியது. அம்மன் கொடுத்த மாத்திரை என்றால் அது பிரசாதம். பிரசாதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு இது காரம், இது கசப்பு என்று யார் சொல்வார்கள்?

3. "இல்லைதானே?"

ஸ்டடி பேஷண்டுகளுக்குத் தனி நாள், தனி ஹால். கிரண் என்று ஒரு பையன், ஸ்டடி கோஆர்டினேட்டர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல் கட்டு. மரியாதையான பையன், அம்மா அம்மா என்றுதான் பேசுவான். டாக்டரம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் அவன்தான் விசாரித்துக் குறித்துக்கொள்வான்.

எப்படி விசாரிப்பான் என்று சொல்கிறேன். "அம்மா, பாகுன்னாரா? ப்ராப்ளம் ஏமி லேது கதா?" நல்லா இருக்கீங்களா, பிரச்சனை ஒன்றும் இல்லைதானே என்று அர்த்தம். கேட்கும்போதே பேனா டிக் போடுகிற இடத்தில் இருக்கும்.

நம் ஊர்ப் பெண்களை இப்படிக் கேட்டால் என்ன பதில் வரும்? நம் வாயில் கெட்ட வார்த்தை வரக் கூடாது. யார் கேட்டாலும், "அம்மன் புண்ணியத்துல நல்லா இருக்கேன்." தெலுங்குக்காரியும் அதையேதான் சொல்வாள், சாமி பேர் மட்டும் மாறும். எனக்கு அந்தப் பதிலைச் சொல்லவும் வேலை இருக்கவில்லை. கூடவே வரும் என் வீட்டுக்காரர் முந்திக்கொள்வார். மிலிட்டரி டிப்போ ஸ்டோரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "ஆல் ஓகே சார். நோ கம்ப்ளெயின்ட்."

"அங்கிள், எல்லாரும் அம்மா மாதிரி இருந்தா என் வேலை சீக்கிரம் முடிஞ்சிடும். குட் பேஷண்ட்!" என்பான் கிரண்.

இவர் அந்த வார்த்தையை பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார். "கேட்டியா, குட் பேஷண்டுன்னான்." எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னை குட் என்று சொன்னதில்லை.

4. ஆஷாட மாதம்

சில மாதம் போனதும் உள்ளங்கை சிவந்தது. முதலில் ஊசி குத்துகிற மாதிரி, அப்புறம் எரிச்சல். டீ டம்ளர் பிடித்தால் கொதிக்கும். கேன்டீனில் இட்லித் துணி பிரிக்கும்போது ஆவி பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். புளி கரைக்க முடியவில்லை. தோல் வெடித்து, அந்த வெடிப்பில் புளியும் உப்பும் இறங்கினால் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது.  பிறகு, "இத அங்க காட்டாத சகு" என்றார்.

"ஏன்? சொல்லணும்னுதானே சொன்னாங்க?"

"சொன்னா மருந்து ஒத்துக்கலன்னு எழுதிப் பேரை அடிச்சிடுவாங்க. ஹால்ல எல்லாரும் அப்டித்தான் பேசிக்கிறாங்க. மாத்திர நின்னுபோனா அது திரும்பி வந்துடும். அப்பறம் நான் இன்னா பண்ணுவேன்? எதுக்கு இந்த வம்பு? கை எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது, ஆள் இருந்தா போதும்."

அவர் கெட்டவர் இல்லை. என்னை இழந்துவிடுவோம் என்று பயந்தவர். அந்த பயத்தை என் வாய்க்குப் பூட்டாகப் போட்டார், நானும் சாவியைக் கேட்கவில்லை.

ஹாலில் யாதம்மா என்று ஒரு பெண் எனக்குப் பக்கத்தில் உட்காருவாள். என்னைவிடச் சின்னவள். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் தள்ளுவண்டியில் காய்கறி விற்பவள். அந்தக் காலனியில் எந்த வீட்டில் யார் மருமகளோடு பேசுவதில்லை என்று எல்லாம் சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பாள். அவளுக்கும் அதே மாத்திரை. ஒருநாள் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டினாள். என் உள்ளங்கை மாதிரியே, அதைவிட மோசமாக.

"சொன்னியா?" என்றேன்.

"நக்கோ அக்கா, வேணாம். சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

அது ஆஷாட மாதம், நம் ஆடியை ஒட்டி வருவது. எங்கள் ஊரில் 'போனாலு' என்கிற அம்மன் திருவிழா நடக்கும் மாதம், கல்யாணமான பெண்கள் எல்லாரும் மருதாணி போட்டுக்கொள்ளும் மாதம். தெலுங்கில் கோரிண்டாக்கு. அடுத்த தடவை யாதம்மா ஒரு டிபன் டப்பாவில் இலையை மைபோல் அரைத்துக்கொண்டு வந்தாள். "பூசிக்கோ அக்கா. சூட்டை இழுக்கும். எரியறது கொறையும்." அப்புறம் என் காதோரம் வந்து, "செவந்ததும் தெரியாது" என்றாள்.

வீட்டில் உள்ளங்கை முழுக்க, விரல் நுனி வரை அப்பிக்கொண்டேன். பாதத்திலும்தான்.  வீட்டுக்காரர் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

அடுத்த விசிட்டுக்கு யாதம்மாவும் கை கால் முழுக்க அப்பிக்கொண்டு வந்திருந்தாள். கிரண் என் கையைப் பார்த்தான். "அப்பா! எவ்வளவு நல்லா செவந்திருக்கு! அங்கிளுக்கு உங்க மேல ரொம்ப ஆசை போல!" என்றான். மருதாணி நன்றாகச் சிவந்தால் புருஷனுக்குப் பிரியம் அதிகம் என்று எங்கள் பக்கம் கேலி செய்வார்கள். ஹாலே சிரித்தது. என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்தார். யாதம்மா என் தொடையில் கிள்ளினாள். கிரண் டிக் போட்டான்.

உள்ளே டாக்டரம்மாவும் பார்த்தார். "ஆஷாடமா? எங்க அம்மாவும் போடுவாங்க" என்று சிரித்துவிட்டு ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் புரட்டினார். இந்த மருந்தில் கை கால் தோல் உரியும் என்று எனக்குச் சொன்னதே அவர்தான். ஸ்டடி மருந்து சாப்பிடுகிற இரண்டு பெண்கள் ஒரே நாளில் உள்ளங்கை தெரியாமல் மருதாணி அப்பிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். திருப்பிக் காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை?  நாங்கள் மறைத்தோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பார்க்கிற வேலை யாருடையது?

5. மெஷின்

தொழிற்சாலை கேட்டில் கட்டைவிரல் வைத்துத்தான் உள்ளே போக வேண்டும். ஒருநாள் மெஷின் என் விரலை ஏற்கவில்லை. துடைத்து வைத்தேன். சிவப்பு விளக்கு. அடுத்த விரல், அதற்கு அடுத்த விரல், மற்ற கை. எதுவும் ஏறவில்லை. பின்னால் வரிசையில் சத்தம் போட ஆரம்பித்தார்கள்.

நர்சிங் வந்தான். "க்யா அம்மா, அங்கூட்டா கர் பே சோட்கே ஆயே க்யா?" கட்டைவிரலை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தீங்களா என்று கேட்டான். வரிசையில் ஒரே சிரிப்பு.

"ஒன் மெஷின் கெட்டுப்போச்சு நர்சிங். அத முதல்ல தொடச்சு வை."

"மெஷின் எல்லாரையும் எடுக்குது. உங்களத்தான் ஆளே இல்லங்குது. அந்த மெஹந்தியைக் கழுவிட்டு வாங்க."

கழுவினால் போகிற மருதாணியா அது? ஈரத் துணியை வாங்கி அவனே என் கட்டைவிரலை அழுத்தித் துடைத்தான். நான் கத்திவிட்டேன். துணியோடு தோல் வந்தது. அவன் விரலைத் திருப்பிப் பார்த்தான். ரேகை இல்லை. கண்ணாடி மாதிரி வழவழவென்று, ரத்தச் சிவப்பாக இருந்தது. கேலியெல்லாம் அவன் முகத்திலிருந்து போய்விட்டது.

"அரே... இது மெஹந்தி இல்லம்மா. டாக்டருக்குத் தெரியுமா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன்."

"அப்படியா? அத மெஷின்கிட்ட சொல்லிப் பாருங்க."

அன்றைக்கு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடச் சொல்லி உள்ளே விட்டான். புளி கரைக்கிற வேலையை வேறு ஆளிடம் மாற்றிக் கொடுத்தான். நான் காய் நறுக்குகிற பலகை முன்னால் கத்தியைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். டாக்டரும் கோஆர்டினேட்டரும் பார்த்துச் சிரித்த கையை ஒரு கேன்டீன் சூப்பர்வைசர் திருப்பிப் பார்த்துவிட்டான்.

அப்போதும் நான் ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. பேர் போய்விடும் என்ற பயம் அவ்வளவு பெரியது. என் நிலைமையில் இல்லாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

6. யாதம்மா

அடுத்த விசிட்டில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. யாதம்மாவுக்கு போன் போட்டேன். அவள் மகன் எடுத்து, அதே ஆஸ்பத்திரியில் மேல் மாடி வார்டில் சேர்த்திருக்கிறோம் என்றான். பாத்ரூம் போய்வருகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். படி ஏற என் பாதமும் எரிந்தது.

அவளுக்குக் காய்ச்சல். ஒரு பாதம் முழுக்கக் கட்டு. வெடிப்பு புண்ணாகி, அதோடு தள்ளுவண்டி தள்ளி நடந்திருக்கிறாள். சீழ் வைத்துக் கால் முழுக்க வீங்கிவிட்டது. கட்டுக்கு வெளியே விரல் நுனியில் மருதாணி மட்டும் இன்னும் அழகாக இருந்தது.

"மாத்திரை?" என்றேன்.

"நிறுத்திட்டாங்க அக்கா. இனிமே குடுக்க முடியாதாம். ஸ்டடியிலருந்து எடுத்துட்டாங்க."

எந்த இடம் போய்விடும் என்று மறைத்தாளோ, அந்த இடம் மறைத்ததால் போய்விட்டது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு எரிந்தது, இழுக்கவில்லை. "நீ சொல்லிடாத அக்கா. ஒன் பேராவது இருக்கட்டும்" என்றாள். "கிரண் சாரையும் ஒண்ணும் சொல்லாத. நல்ல பையன்."

இப்படி ஒரு மனசுள்ள பெண்ணைத்தான் அவர்கள் குட் பேஷண்ட் என்று தட்டிக்கொடுத்தார்கள். படி இறங்கும்போது எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. யாரைப் பார்த்து என்று தெரியாத ஆத்திரம். கிரண் மேல், டாக்டரம்மா மேல், என் வீட்டுக்காரர் மேல், ஹாலில் உட்கார்ந்து கதை கட்டின எல்லார் மேலும். என் மேலும்தான்.

7. மேஜை மேல் கை

கிரண் என் ஃபைலைத் திறந்து வைத்திருந்தான். "அம்மா, பாகுன்னாரா? ப்ராப்ளம் ஏமி லேது கதா?"

"ஆல் ஓகே சா..." என்று இவர் ஆரம்பித்தார்.

"இல்ல" என்றேன். "நல்லா இல்ல."

கிரணின் பேனா நின்றது. இவர் என் முழங்கையைப் பிடித்தார். "ஏய் சகு!"

"நீங்க சும்மா இருங்க. எரியறது ஒங்க கை இல்ல."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெளியாட்கள் முன்னால் நான் அப்படிப் பேசியதில்லை. இவர் கையை எடுத்துவிட்டார். நான் வரிசையை விட்டு நேரே டாக்டரம்மா அறைக்குள் போனேன். பின்னாலேயே கிரண் "அம்மா, அம்மா" என்று வந்தான். மேஜை மேல் இரண்டு உள்ளங்கையையும் மல்லாத்தி வைத்தேன்.

"இது மருதாணி இல்ல டாக்டரம்மா."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தையும் பார்த்தார். 

"எவ்ளோ நாளா இப்டி? ஏன் சொல்லல?"

"சொன்னா பேர எடுத்துடுவீங்க."

"யாரு சொன்னது அப்டி?"

"ஒங்கள்ல யாரும் சொல்லல. இல்லன்னும் யாரும் சொல்லல."

"கையெழுத்துப் போடற அன்னிக்கு நான் சொன்னேனே சகுந்தலாம்மா. எது வந்தாலும் சொல்லுங்கன்னு."

"அன்னிக்கு ஒரு தரம் சொன்னீங்க. அப்பறம் ஒவ்வொரு தரமும், ஒண்ணும் இல்லன்னு சொன்னா குட் பேஷண்டுன்னு சொன்னீங்க. எது மனசுல நிக்கும்?"

கிரண் வாசலில் நின்று, "மேடம், நான் எவ்ரி விசிட் கேட்டேன் மேடம்" என்றான்.

"நீ கேட்ட கண்ணு. இல்லைதானேன்னு கேட்ட. அதுக்கு இருக்குன்னு எவ சொல்லுவா? யாதம்மாவயும் அப்டித்தான கேட்ட? மேல போய் அவ கால பாத்தியா நீ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பார்த்திருக்கவில்லை.

டாக்டரம்மா என்னை உட்காரச் சொன்னார். மாத்திரையைச் சில நாள் நிறுத்துவோம், தோல் ஆறட்டும், பிறகு டோஸ் குறைத்து ஆரம்பிப்போம் என்றார். அப்போது நான் ஸ்டடியில் இருப்பேனா என்று கேட்டேன். "இருப்பீங்க. டோஸ் நிறுத்தறது, கொறைக்கறது எல்லாம் இந்த ஸ்டடி ரூல்ஸ்லயே இருக்கு. யாதம்மாவும் முதல்லயே சொல்லியிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "உங்களுக்கு எரியறது எங்களுக்குத் தெரியலன்னா என்ன ஆகும் தெரியுமா? இது யாருக்கும் எரியாதுன்னு நெனச்சு நாளைக்கு இந்த மருந்த எல்லாருக்கும் எழுதுவோம்."

அந்த நிமிஷம் எனக்கு அந்த ஆபீசரின் முகம் வந்து நின்றது. நாக்கில் வைக்காமல் பிரமாதம் என்று சொன்ன ஆபீசர். ஸ்டடி என்றால் முதல் தட்டு. நாங்கள் ருசி பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள். உப்புக் கரிக்கிற சாம்பாரை நாங்கள் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம், எங்களுக்குப் பின்னால் வரிசையில் எத்தனை பேர் தட்டோடு நிற்கிறார்கள் என்று தெரியாமல்.

பிரசாதம் என்று நினைத்தேனே, அம்மன் எனக்குக் கொடுத்தது மாத்திரை மட்டும் இல்லை, அதைப் பற்றிச் சொல்ல ஒரு வாயும்தான். அந்த வாயை நான் பூட்டி வைத்தது பக்தி இல்லை.

"இத அந்த ஹால்ல வந்து எல்லார்கிட்டயும் சொல்லுங்க டாக்டரம்மா" என்றேன். "என் ஒருத்திக்குச் சொன்னா போதாது."

வந்தார். நாற்காலி வரிசைக்கு முன்னால் நின்று தெலுங்கிலும் இந்தியிலும் சொன்னார். கஷ்டத்தைச் சொல்கிறவர்களைத் தண்டிக்க மாட்டோம் என்று.  அப்புறம் பின் வரிசையில் ஒரு கிழவி மெதுவாகச் செருப்பைக் கழற்றினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் கையுறையைக் கழற்றினாள். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பஸ்ஸில் வரும்போது குட் பேஷண்ட் பேச்சை எடுக்கவில்லை. வீட்டு வாசலில் சாவியைப் போடும்போது, "இனிமே நீயே சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

8. பிறகு

எனக்குத் தோல் ஆறியது. குறைந்த டோஸில் ஸ்டடியை முழுக்க முடித்தேன். ரேகை திரும்பி வர நாளானது. மெஷினில் பச்சை விளக்கு எரிந்த அன்று நர்சிங், "வாங்க அம்மா, இன்னிக்குத்தான் நீங்க உயிரோட இருக்கறதா கவர்மென்ட் ஒத்துக்கிச்சு" என்றான்.

கிரணும் மாறினான். இல்லைதானே என்பதை விட்டுவிட்டான். "கை காட்டுங்க. கால் காட்டுங்க. புளி கரைச்சா எரியுதா? நடந்தா எரியுதா?" என்று கேட்பான். என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பவே மாட்டான். ஆனால் அவன் அப்படிக் கேட்கக் கற்றுக்கொள்ள ஒருத்தியின் பாதம் சீழ் பிடிக்க வேண்டியிருந்தது. அதை நான் மன்னிக்கவில்லை. இன்று வரை மன்னிக்கவில்லை.

யாதம்மாவின் கால் ஆறியது. ஆனால் நோய் திரும்பி வந்துவிட்டது. மாத்திரை நின்றதால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவும் சொல்ல முடியாது என்றுதான் சொன்னார். கடைசியாக போனில் பேசினபோது, எப்படி இருக்கே என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "பாகானே உன்னா அக்கா" என்றாள். நல்லாத்தான் இருக்கேன் அக்கா. கார்த்திகை மாதத்தில் போய்ச் சேர்ந்தாள்.

ட்ரையலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். போங்கள். பயப்படாதீர்கள். ஆனால் நல்லா இருக்கேன் என்ற வார்த்தையைக் கோயில் வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். எரிந்தால் எரிகிறது என்று சொல்லுங்கள், யார் சிரித்தாலும் சொல்லுங்கள், பதில் வரும்வரை சொல்லுங்கள். கூட வருகிறவர்களை வாய் திறக்க விடாதீர்கள். பேஷண்டைக் கேட்கிற வேலையில் இருக்கிறவர்களுக்கு: பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள். கையைத் திருப்பிப் பாருங்கள்.

இதைப் படிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் அனுப்புங்கள். ஆனால் உள்ளபடி அனுப்புங்கள். எங்கள் தமிழ் ஆட்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எது வந்தாலும் கடைசியில் ஏதாவது ஒரு இலைச்சாற்றைச் சேர்த்துவிடுகிறார்கள். இதில் சேர்க்காதீர்கள். அம்மன் அற்புதம் செய்தாள் என்று தலைப்பை மாற்றாதீர்கள், அவளை நான் தினமும் கும்பிடுகிறேன், அவளுக்கு அந்த விளம்பரம் வேண்டாம். கோபமாக இருக்கிறது, கொஞ்சம் மென்மையாக்கலாம் என்று யாராவது நினைத்தால் அந்தக் கையை எடுங்கள். என் உடம்புக்காக மற்றவர்கள் பேசியது போதும். யாதம்மா கடைசியில் சொன்ன வார்த்தையையும் அப்படியே விடுங்கள். அது உண்மை இல்லை என்று படிக்கிறவளுக்குத் தெரிய வேண்டும்.